சாவு, சாதி, நோய், தற்கொலை: இதையெல்லாம் வைத்துச் சிரிக்கலாமா? டார்க் காமெடி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டார்க் காமெடி என்றால் என்ன? ஆபாச ஜோக்கும் அதில் சேருமா?

சாவு, கொலை, தீராத நோய், போர், பஞ்சம் என்று நாம் குரலைத் தாழ்த்திப் பேசுகிற விஷயங்களை எடுத்துக்கொண்டு, அதன் பயங்கரத்தைக் கொஞ்சமும் மறைக்காமல் சிரிக்க வைப்பதுதான் டார்க் காமெடி. பயமும் சிரிப்பும் ஒரே நேரத்தில் வரவேண்டும். உளவியல் மேதை சிக்மண்ட் ஃப்ராய்டு சொன்ன உதாரணம் ஒன்று இருக்கிறது: திங்கட்கிழமை காலையில் ஒருவனைத் தூக்கு மேடைக்குக் கூட்டிப் போகிறார்கள், அவன் சொல்கிறான், "பரவாயில்லை, இந்த வாரம் நல்லாத்தான் ஆரம்பிக்குது." சாகப் போகிறவனே சொல்வதால்தான் அது ஜோக். அதையே பக்கத்தில் நிற்கிற ஜெயிலர் சொன்னால் வெறும் கொடூரம். இந்த வித்தியாசத்தை மனசில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே இருக்கிற பாதிக் கேள்விகளுக்கு இதிலேயே பதில் இருக்கிறது.

ஆபாச ஜோக், இரட்டை அர்த்த வசனம் எல்லாம் வேறு ரகம். சில நேரம் இரண்டும் கலந்து வரும், அவ்வளவுதான்.

இது மேல்நாட்டுச் சரக்குதானே? நம்ம ஊருக்கு ஒத்துவருமா?

பெயர் வேண்டுமானால் அங்கிருந்து வந்திருக்கலாம். தெருக்கூத்து விடிய விடியப் பார்த்தவர்களிடம் கேட்டுப் பாருங்கள். அபிமன்யு சாகிற கதை, கர்ணன் சாகிற கதை, ஊரே அழுகிற கதை, அதற்கு நடுவில் கூத்தின் கோமாளியான கட்டியங்காரன் வந்து ராஜாவையே நக்கல் அடித்துவிட்டுப் போவான், யாரும் எழுந்து போக மாட்டார்கள். வடசென்னையில் சாவு வீட்டில் மரண கானா பாடுகிறவர்கள், செத்தவரின் நல்லது கெட்டது இரண்டையும் சேர்த்துத்தான் பாடுகிறார்கள். தொல்காப்பியம் மெய்ப்பாட்டியலில் சிரிப்பு எதனால் வருகிறது என்று பட்டியல் போடும்போது "எள்ளல் இளமை பேதைமை மடன்" என்று நான்கைச் சொல்கிறது. அதில் முதலில் நிற்பது எள்ளல். அடுத்தவரைப் பழித்துச் சிரிப்பது நமக்கு எவ்வளவு பழைய பழக்கம் என்று அப்போதே தெரிந்திருக்கிறது.

அதற்காக மரபில் இருந்ததெல்லாம் சரி என்று நான் சொல்லவில்லை. குறவன் குறத்தி ஆட்டம் பல காலமாகத் திருவிழா மேடைகளில் நடந்தது, கூட்டமும் ரசித்தது. அந்தச் சமூகத்து மக்கள் "எங்கள் பெயரை வைத்து எங்கள் பெண்களை அசிங்கப்படுத்துகிறீர்கள்" என்று வருஷக்கணக்கில் போராடி, வழக்குப் போட்டு, கடைசியில் 2023இல் தமிழ்நாடு அரசு தடை செய்தது. ரசித்தவர்களைக் கேட்டால் வேடிக்கை என்பார்கள். யாருடைய பெயரில் அந்த வேடிக்கை நடந்ததோ அவர்களை அதுவரை யாரும் கேட்கவே இல்லை.

சாவு வீட்டில் சிரித்தால் செத்தவரை அவமானப்படுத்துவது ஆகாதா?

எங்கள் குடும்பத்தில் ஒரு தாத்தா இருந்தார். மின்விசிறி சும்மா ஓடினால் போதும், வீட்டையே இரண்டாக்கிவிடுவார். அவர் இறந்த அன்று வெளிநாட்டிலிருந்து மகன் வரவேண்டியிருந்ததால் இரவு முழுக்க ஐஸ் பெட்டியில் வைத்திருந்தார்கள். பந்தலுக்குக் கீழே பிளாஸ்டிக் நாற்காலியில் யாரும் பேசாமல் உட்கார்ந்திருந்தோம், பெட்டி மட்டும் உர்ரென்று ஓடிக்கொண்டிருந்தது. அப்போது பெரிய அத்தை, அழுது அழுது தொண்டை கட்டிய குரலில், "இது ராத்திரி பூரா ஓடினா கரண்ட் பில்லு எவ்வளவு ஆகும்னு எங்கப்பா எழுந்து கேக்கப்போறாரு" என்றார். மொத்தப் பந்தலும் சிரித்தது. சிரித்து முடித்ததும் அதுவரை அழாமல் இறுக்கமாக இருந்தவர்கள் கூட அழ ஆரம்பித்தார்கள்.

அந்த ஜோக்கில் தாத்தா முழுசாக இருக்கிறார். அவருடைய கஞ்சத்தனம், அவர் மேல் இருந்த பாசம், இனி அப்படித் திட்ட ஆள் இல்லை என்கிற இழப்பு எல்லாமே அந்த ஒரு வரியில் இருக்கிறது. அதே வரியை ஐஸ் பெட்டி வாடகைக்குக் கொண்டுவந்தவர் சொல்லியிருந்தால் அடிதடி ஆகியிருக்கும், அதுவும் நியாயம்தான்.

எதை வைத்து வேண்டுமானாலும் ஜோக் அடிக்கலாமா? தொடவே கூடாத விஷயம் என்று ஒன்றுமே இல்லையா?

விஷயம் என்று எதையும் நான் விலக்க மாட்டேன். அந்த ஜோக்கில் எதைப் பார்த்துச் சிரிக்கச் சொல்கிறார்கள் என்பதைத்தான் பார்ப்பேன்.

இதற்கு நம் ஊரிலேயே நடந்த ஒன்றைச் சொல்கிறேன். 2017 அக்டோபர் 23, திங்கட்கிழமை, திருநெல்வேலி ஆட்சியர் அலுவலகத்தில் மனு நாள். கந்துவட்டிக் கொடுமை தாங்காமல் ஒரு கூலித் தொழிலாளி, மனைவி, இரண்டு சின்னப் பெண் குழந்தைகளோடு அங்கேயே தீ வைத்துக்கொண்டார். ஏற்கெனவே பலமுறை மனு கொடுத்து எதுவும் நடக்காத குடும்பம். நான்கு பேருமே இறந்துபோனார்கள். அந்தச் சம்பவத்தின் புகைப்படத்தைப் பார்த்த யாரும் மறந்திருக்க மாட்டார்கள். சில நாட்கள் கழித்து கார்ட்டூனிஸ்ட் பாலா ஒரு கார்ட்டூன் போட்டார். தரையில் ஒரு குழந்தை எரிந்துகொண்டு கிடக்கிறது. சுற்றி முதலமைச்சர், மாவட்ட ஆட்சியர், காவல் ஆணையர் மூன்று பேரும் நிர்வாணமாக, ரூபாய் நோட்டுக் கட்டால் மறைத்துக்கொண்டு நிற்கிறார்கள்.

தற்கொலை, குழந்தையின் சாவு, நிர்வாணம். தொடக்கூடாது என்று நாம் வைத்திருக்கிற மூன்றும் ஒரே படத்தில். நவம்பர் 5ஆம் தேதி அவரைச் சென்னையில் வீட்டிலிருந்து கைது செய்து திருநெல்வேலிக்குக் கொண்டுபோனார்கள், மறுநாள் ஜாமீன் கிடைத்தது. ஆபாசம், அவதூறு என்று வழக்கு. ஆனால் அந்தப் படத்தை நிதானமாகப் பாருங்கள். குழந்தையைப் பார்த்து அதில் யாரும் சிரிக்க முடியாது. எரிகிற குழந்தை அங்கே கிடக்கும்போது இவர்களுக்குத் தங்கள் மானத்தை மறைப்பதுதான் கவலையா என்கிற கோபம்தான் அதில் இருக்கிறது. அருவருப்பாக இருக்கிறது என்றார்கள் பலர். நடந்தது அருவருப்பானது, படமும் அப்படித்தான் இருக்க முடியும். 1729இல் ஜொனாதன் ஸ்விஃப்ட், அயர்லாந்து ஏழைகள் தங்கள் குழந்தைகளைப் பணக்காரர்களுக்கு உணவாக விற்கலாம் என்று கணக்கெல்லாம் போட்டு யோசனை சொல்லி எழுதினார். அவரும் குழந்தைகளைக் கிண்டல் செய்யவில்லை, அவர்களைப் பட்டினி போட்டவர்களைத்தான் நிற்க வைத்துக் கேட்டார்.

அதே சம்பவத்தை வைத்து "மனு கொடுக்கப் போனா தீப்பெட்டி எடுத்துட்டுப் போ" என்று யாராவது மீம் போட்டிருந்தால், சிரிப்பு செத்தவர்கள் மேல் விழுந்திருக்கும். விஷயம் ஒன்றுதான், ஆனால் இரண்டையும் ஒரே தட்டில் வைக்க என்னால் முடியாது.

ஜோக்குதானே, யாருக்கு என்ன நஷ்டம்?

நஷ்டம் உண்டு, ஆனால் நாம் நினைக்கிற மாதிரி இல்லை. ஒரு ஜோக் கேட்டவுடன் நல்லவன் கெட்டவனாக மாறிவிடுவதில்லை. தாமஸ் ஃபோர்டு என்கிற அமெரிக்க உளவியல் ஆய்வாளரும் அவர் குழுவினரும் 2008இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில் பெண்களை மட்டம் தட்டுகிற ஜோக்குகளை ஆண்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். பெண்கள் மேல் ஏற்கெனவே வெறுப்பு உள்ள ஆண்கள், அந்த ஜோக்குகளுக்குப் பிறகு பெண்கள் அமைப்புக்கு நன்கொடை தருவதில் கையை இறுக்கிக்கொண்டார்கள். வெறுப்பு இல்லாத ஆண்களிடம் அந்த மாற்றம் இல்லை. இன்னும் கவனிக்க வேண்டியது, அதே மட்டமான கருத்தை ஜோக்காக இல்லாமல் நேராகச் சொன்னபோது அந்த விளைவு வரவில்லை. ஜோக் என்றதும் ஒரு அனுமதி கிடைத்துவிடுகிறது, "இங்கே இதெல்லாம் சகஜம்" என்று உள்ளே இருப்பது தைரியமாக வெளியே வருகிறது.

நம் சினிமாவை எடுத்துக்கொள்ளுங்கள். திக்குவாய், காது கேளாமை, கருப்பு நிறம், குண்டு உடம்பு, திருநங்கைகள் என்று பல பத்தாண்டுகள் காமெடி ட்ராக் ஓடியது. திருநங்கைகளைப் பார்த்ததும் ஒரு எண்ணைச் சொல்லிக் கத்துகிற பழக்கம் தெருவில் தானாகவா வந்தது? திக்குகிற பையனை வகுப்பில் எழுப்பிப் படிக்கச் சொல்லும்போது பின் பெஞ்சிலிருந்து வருகிற சத்தம் எந்தக் காட்சியிலிருந்து வந்தது என்று அந்தப் பையனுக்கு நன்றாகத் தெரியும். அவன் அதற்கப்புறம் கையைத் தூக்குவதையே விட்டுவிடுவான். இந்த நஷ்டத்துக்குக் கணக்கு எழுதுகிறவர் யாரும் இல்லை.

"நகையுள்ளும் இன்னா திகழ்ச்சி" என்கிறது குறள். விளையாட்டுக்குச் சொன்னாலும் இகழ்ச்சி வலிக்கும். "சும்மா ஜாலிக்குச் சொன்னேன்" என்று தப்பிப்பதற்கு இதில் இடமே இல்லை.

மாற்றுத்திறனாளிகளை வைத்து ஜோக் அடிப்பது பற்றி நீதிமன்றம் ஏதாவது சொல்லியிருக்கிறதா?

சொல்லியிருக்கிறது, அதுவும் தெளிவாக. ஒரு இந்திப் படம் மாற்றுத்திறனாளிகளைக் கேவலப்படுத்துகிறது என்று போடப்பட்ட வழக்கில், 2024 ஜூலை 8 அன்று உச்ச நீதிமன்றம் இரண்டு வகையைப் பிரித்துக் காட்டியது. உடற்குறையோடு வாழ்வதைப் பற்றிய தவறான எண்ணங்களை உடைக்கிற, புரிய வைக்கிற நகைச்சுவை ஒன்று. அந்த மனிதர்களையே மட்டம் தட்டுகிற நகைச்சுவை இன்னொன்று. முதலாவதைத் தடுக்கத் தேவையில்லை, இரண்டாவதை ஏற்க முடியாது என்பதுதான் சாரம். படத்தை நீதிமன்றம் தடை செய்யவில்லை, எப்படிக் காட்ட வேண்டும் என்று வழிகாட்டுதல் கொடுத்தது.

அடுத்த வருஷமே இன்னொன்று வந்தது. எஸ்எம்ஏ என்கிற தசைநார்ச் சிதைவு நோய் உள்ள குழந்தைக்கு 16 கோடி ரூபாய் ஊசி போடுவதை வைத்து ஒரு ஸ்டாண்ட்அப் காமெடியன் ஜோக் அடித்தார். அந்த நோயாளிகளுக்கான அமைப்பு உச்ச நீதிமன்றம் போனது. 2025 ஆகஸ்டில், சம்பந்தப்பட்ட காமெடியன்கள் தங்கள் யூடியூப் சேனல்களிலேயே மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னது.

அந்த 16 கோடியில் டார்க் காமெடிக்கு எவ்வளவு இடம் இருக்கிறது! ஒரு ஊசிக்கு அப்படியொரு விலை வைக்கிற மருந்து கம்பெனி, உயிர் காக்கிற மருந்துக்கும் வரி போட்ட அரசாங்கம், டீக்கடையிலும் கல்லூரி வாசலிலும் உண்டியல் குலுக்கிக் கோடிகளைச் சேர்க்க வேண்டிய பெற்றோர். தமிழ்நாட்டில் 2021இல் ஒரு குழந்தைக்காக அப்படித்தான் ஊரே பணம் திரட்டியது. இவ்வளவையும் விட்டுவிட்டு, தொட்டிலில் கிடக்கிற குழந்தையையும் அதன் அம்மாவையும் தேடிப்பிடித்துக் கிண்டல் செய்வது எனக்குத் தைரியமாகத் தெரியவில்லை. திறமைக் குறைவாகத்தான் தெரிகிறது.

பாதிக்கப்பட்டவர்களே தங்களைக் கிண்டல் செய்துகொண்டால்?

தாராளமாகச் செய்யட்டும். அது அவர்கள் சொத்து. ஆனால் சக்கர நாற்காலியில் இருக்கிற நண்பர் தன்னைப் பற்றி ஒரு ஜோக் சொன்னார் என்பதற்காக, நாளைக்கு அலுவலகத்தில் அதையே நீங்கள் அவரைப் பார்த்துச் சொல்ல முடியாது. சாதி விஷயத்தில் இது இன்னும் கறாராக இருக்க வேண்டும். இழிவைச் சுமந்தவர் அதைச் சிரிப்பாக மாற்றுவது வேறு, சுமக்க வைத்தவர்களின் வாரிசு அதே சொல்லை எடுத்துச் சிரிப்பது வேறு.

தற்கொலை பற்றிய ஜோக்குகள் ஆபத்தா?

இதில் மட்டும் நான் மற்ற விஷயங்களை விடக் கூடுதல் கண்டிப்பு. 2022ஆம் ஆண்டு தேசியக் குற்ற ஆவணக் காப்பகக் கணக்கில் தமிழ்நாட்டில் 19,834 தற்கொலைகள், மகாராஷ்டிரத்துக்கு அடுத்த இடம். தற்கொலைச் செய்தி பரபரப்பாக வெளியாகும்போது அதைப் பார்த்து மற்றவர்களும் முயல்வது கூடுகிறது என்று 1974இலேயே ஆய்வு வந்துவிட்டது. அதனால்தான் முறையை விவரிக்காதீர்கள், அதை ஒரு தீர்வாகக் காட்டாதீர்கள் என்று உலக சுகாதார நிறுவனம் ஊடகங்களுக்குச் சொல்கிறது. காமெடிக்கும் இதே அளவுகோல்தான். எப்படிச் செய்வது என்று காட்டுகிற, "செத்தால்தான் மதிப்பார்கள்" என்கிற எண்ணத்தைத் தருகிற காட்சி எவ்வளவு சிரிப்பாக இருந்தாலும் வேண்டாம். தேர்வு முடிவு வருகிற வாரத்தில் மார்க் ஷீட்டையும் தூக்குக் கயிற்றையும் சேர்த்து மீம் போடுகிறவர்கள், அதைப் பார்க்கப் போகிற பதினேழு வயதுப் பிள்ளை யார், எந்த நிலையில் இருக்கிறது என்று யோசிப்பதில்லை.

மறுபக்கமும் இருக்கிறது. மன நெருக்கடியிலிருந்து ஒருவர் மீண்டு வந்ததைக் காட்டுகிற செய்திகள் சிலருக்குத் தடுப்பாகவும் வேலை செய்கின்றன என்று ஆஸ்திரிய ஆய்வாளர்கள் 2010இல் காட்டினார்கள். மீண்டு வந்தவர் அந்த நாட்களைச் சிரித்துக்கொண்டே சொல்வதில் நிறைய பலம் இருக்கிறது. நண்பர் ஒருவர் "செத்துடலாம் போல இருக்கு" என்று அடிக்கடி ஜோக்காகச் சொல்கிறார் என்றால் சிரித்துவிட்டு நகராதீர்கள், நிஜமாகவா என்று நேராகக் கேளுங்கள். டெலி மானஸ் என்கிற அரசு மனநல உதவி மையத்தின் 14416 இலவச எண், தமிழிலேயே பேசலாம்.

எவ்வளவு நாள் கழித்து ஜோக் அடிக்கலாம்?

2012இல் அமெரிக்காவைத் தாக்கிய சாண்டி புயலை வைத்து, நகைச்சுவையை ஆராய்கிற பீட்டர் மெக்ரா குழுவினர் ஒரு ஆய்வு செய்தார்கள். புயல் பற்றிய ஜோக்குகளை வெவ்வேறு நாட்களில் மக்களிடம் காட்டி, சிரிப்பு வருகிறதா என்று கேட்டார்கள். புயல் அடித்த சூட்டில் வரவில்லை, ஒரு மாதத்துக்குக் கொஞ்சம் மேலே, 36ஆவது நாள் வாக்கில் உச்சத்துக்குப் போனது, அப்புறம் இறங்கிவிட்டது. ஆனால் பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டுக்கு இந்தக் கணக்கெல்லாம் பொருந்தாது.

என்ன நடந்தது என்று தெரிந்திருப்பதும் நாள் கணக்கு மாதிரியே முக்கியம். சார்லி சாப்ளின் 1940இல் ஹிட்லரைக் கிண்டல் செய்து "தி கிரேட் டிக்டேட்டர்" எடுத்தார். வதை முகாம்களில் உண்மையில் நடந்த கொடூரம் அப்போது தெரிந்திருந்தால் அந்தப் படத்தை எடுத்திருக்க முடியாது என்று 1964இல் வந்த தன் சுயசரிதையில் எழுதினார். அந்தப் படம் வந்தது உலகத்துக்கு நல்லது என்றுதான் நான் நினைக்கிறேன். ஆனாலும் அவர் தயங்கியதைப் படிக்கும்போது அவர் மேல் மரியாதை கூடுகிறது.

இதையெல்லாம் ரசிக்கிறவர்கள் மனசு வக்கிரமா?

இல்லை. 2017இல் வியன்னாவில் 156 பேரிடம் நடந்த ஆய்வில், கருப்பு நகைச்சுவையை அதிகம் ரசித்தவர்களுக்கு ஆக்ரோஷம் குறைவாகவும் மனநிலை நன்றாகவும்தான் இருந்தது. பிரேதப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறவர்கள், அவசரப் பிரிவு செவிலியர்கள், ஆம்புலன்ஸ் ஊழியர்கள் தங்களுக்குள் பேசுவதைக் கேட்டால் வெளியாட்களுக்குத் தூக்கிவாரிப் போடும். நாள் முழுக்கச் சாவைக் கையால் தொடுகிறவர்களுக்கு அந்தச் சிரிப்பு இல்லாமல் மறுநாள் வேலைக்கு வர முடியாது. அது அவர்களுக்குள் இருக்கிற வரை யாருக்கும் கேடு இல்லை, நோயாளியின் சொந்தக்காரர் காதில் விழக்கூடாது, அவ்வளவுதான்.

அப்படியென்றால் தப்பான ஜோக் அடித்தவரைக் கைது செய்வது சரியா?

பெரும்பாலும் தவறு. ஜோக்குக்காகக் கைதானவர்கள் பட்டியலைப் பாருங்கள். 2021 ஜனவரி 1 அன்று இந்தூரில் ஸ்டாண்ட்அப் காமெடியன் முனாவர் ஃபரூக்கி கைதானார், உச்ச நீதிமன்றம் ஜாமீன் கொடுக்கும் வரை ஒரு மாதத்துக்கு மேல் சிறை. இலங்கையில் 2023 மே மாதம் ஸ்டாண்ட்அப் கலைஞர் நடாஷா எதிரிசூரிய கட்டுநாயக்க விமான நிலையத்தில் கைதானார், புத்தரைப் பற்றிய ஒரு பேச்சுக்காக ஜூலை வரை காவலில் இருந்தார்.

நம் ஊர் கதை இன்னும் சின்னது. குடும்பத்தோடு சிறுமலைக்குச் சுற்றுலா போன ஒரு பெரியவர், படத்தைப் போட்டு "துப்பாக்கிப் பயிற்சிக்காக சிறுமலை பயணம்" என்று எழுதினார். அரசுக்கு எதிராகப் போர் தொடுக்க ஆயுதம் சேர்க்கிற பிரிவு வரை போட்டு வாடிப்பட்டி போலீஸ் வழக்குப் பதிந்தது. 2021 டிசம்பரில் உயர் நீதிமன்றத்தின் மதுரை அமர்வில் நீதிபதி ஜி.ஆர்.சுவாமிநாதன் அதை ரத்து செய்தார். இந்தியாவில் ஒவ்வொரு ஊருக்கும் ஒரு புனிதப் பசு இருக்கிறது, வங்காளத்தில் தாகூர், தமிழ்நாட்டில் பெரியார், கேரளத்தில் மார்க்ஸ், லெனின், நாடு முழுக்க தேசப் பாதுகாப்பு என்று அந்தத் தீர்ப்பில் எழுதினார். எது கிண்டல் செய்யக்கூடாதது என்று முடிவு செய்கிற வேலையைக் காவல் நிலையத்திடம் கொடுத்தால், முதலில் காப்பாற்றப்படுவது அதிகாரத்தில் இருப்பவர்கள்தான். பாலா கைதானார். பெண்களையும் தலித் மக்களையும் திருநங்கைகளையும் தினமும் கேவலப்படுத்துகிற ஆயிரம் பக்கங்கள் நிம்மதியாக ஓடிக்கொண்டிருக்கின்றன.

கேலிக்கு ஆளானது நான்தான். என்ன செய்யலாம்?

பொதுவான கிண்டல் ஒரு பக்கம், உங்களைக் குறிவைத்து அவமானப்படுத்துவது இன்னொரு பக்கம். இரண்டாவதற்குச் சட்டம் இருக்கிறது. மாற்றுத்திறனாளி ஒருவரைப் பொதுவெளியில் வேண்டுமென்றே இழிவுபடுத்தினால் 2016ஆம் ஆண்டு உரிமைச் சட்டத்தின் 92ஆவது பிரிவில் ஆறு மாதம் முதல் ஐந்து வருஷம் வரை தண்டனை. பட்டியலின, பழங்குடி மக்களுக்கு 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், திருநர்களுக்கு 2019ஆம் ஆண்டு சட்டத்தின் 18ஆவது பிரிவு. பதிவை அழிப்பதற்குள் ஸ்கிரீன்ஷாட், லிங்க், தேதி, நேரம் எல்லாம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

போட்டவர் தெரிந்தவர் என்றால், வழக்குக்கு முன்னால் ஒருமுறை தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிப் பார்க்கலாம். குழுவில் எல்லார் முன்னாலும் கேட்டால் பெரும்பாலும் "உனக்கு ஜோக்கே புரியல" என்று இன்னும் நாலு பேர் சேர்ந்துகொள்வார்கள். தனியாகச் சொன்னால் பலர் கேட்கிறார்கள். கேட்கவில்லை என்றால் குழுவை விட்டு வெளியேறுவதற்கு நீங்கள் யாருக்கும் காரணம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம். இதைப் பக்கத்தில் இருந்து பார்க்கிறவராக நீங்கள் இருந்தால், அந்த இடத்தில் சிரிப்பு ஸ்மைலி போடாமல் "இது வேண்டாமே" என்று ஒரு வரி எழுதுங்கள். கேலிக்கு ஆளானவர் அதைக் கட்டாயம் படிப்பார்.